கோடியக்கரை நெட்டில் எவ்வளவு தெரிகிறது என்று எப்படி அளப்பது?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது, தங்க வீடு ஏற்பாடு செய்து கொடுப்பது என்று ஒரு தொழில் தொடங்கப் பார்க்கிறார்களாம். ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி அவர்களிடம் அறிக்கை ஒன்றை நீட்டியிருக்கிறது. 'சூழல் சுற்றுலாத் தலமாக உங்கள் பகுதியின் ஆன்லைன் விசிபிலிட்டி 100-க்கு 23' என்று போட்டு, அதை 70 ஆக்கித் தர மாதாமாதம் பணம் கேட்கிறார்கள். இந்த 23-ஐ நம்பலாமா, நாமே அளந்து பார்க்க வழி இருக்கிறதா என்பது கேள்வி. நான் புரிந்துகொண்ட வரையில் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: பறவை பார்க்க ஆசைப்படுகிற ஒருவர் கண்ணில் எங்கள் ஊர் படுகிறதா, படாவிட்டால் எந்த இடத்தில் நழுவுகிறது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். சுற்றுலா சார்ந்த சின்னச் சின்ன நிறுவனங்களுக்குத் தேடல் தரவு பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு, பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பறவைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஓர் ஆர்வலன் அளவுதான்.

முதலில் அந்த 23. இப்படி மதிப்பெண் தருகிற கருவிகள் எல்லாமே ஓர் இணையதளத்தை அளக்கச் செய்யப்பட்டவை. நூறு தேடல் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் அந்தத் தளம் எத்தனாவது இடத்தில் வருகிறது என்று பார்த்து, கூட்டிக் கழித்து ஓர் எண்ணைச் சொல்லும். ஆனால் கோடியக்கரை ஓர் ஊர். அதைப் பற்றிய செய்தி அரசுச் சுற்றுலாப் பக்கத்தில் கொஞ்சம், விக்கிப்பீடியாவில் கொஞ்சம், கூகுள் மேப்பின் விமர்சனங்களில் கொஞ்சம், யூடியூப் வீடியோக்களில் நிறைய என்று சிதறிக் கிடக்கிறது. இதற்கு ஒரே மதிப்பெண் என்றால் எந்தச் சொற்பட்டியலை வைத்துப் போட்டார்கள் என்பதுதான் எல்லாம். பட்டியலில் 'பீச் ரிசார்ட்' வகைச் சொற்களை அள்ளிப் போட்டால் 5 வரும், ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் 90 வரும். அவர்களிடம் நாலே நாலு விஷயம் கேளுங்கள்: சொற்பட்டியல், எந்த ஊரிலிருந்து தேடியது, எந்தத் தேதியில், போனிலா கம்ப்யூட்டரிலா. கொடுத்தால் உட்கார்ந்து பேசலாம், கொடுக்காவிட்டால் அந்த 23-க்கு அர்த்தமே கிடையாது. 'டொமைன் அத்தாரிட்டி' மாதிரி ஏதாவது எண்ணைக் காட்டினாலும் மயங்க வேண்டாம், அது ஒரு தனியார் கருவி போடும் கணக்கு, கூகுள் போடுவது அல்ல. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து வருவதுதான் உங்கள் ஊருக்கே உரிய சிக்கல், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கோடியக்கரை பெயர் தெரியாத ஊர் இல்லை. தமிழில் செய்தி படிக்கிற எவருக்கும் அந்தப் பெயர் தெரியும், ஆனால் எப்படித் தெரியும்? 'கோடியக்கரைக்குத் தென்கிழக்கே இத்தனை கடல் மைல் தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது' என்று தொடங்கும் மீனவர் தாக்குதல் செய்திகளில் தெரியும். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வானிலை அறிக்கையில் தெரியும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஆதிசேதுவில் கடல் நீராடி முன்னோருக்குத் திதி கொடுக்க வரும் கூட்டத்துக்குத் தெரியும். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பூங்குழலி படகு வலித்த கோடிக்கரையாகத் தெரியும். இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில்தான் பூநாரையும் (ஃபிளமிங்கோ) வெளிமானும் வருகின்றன. ஆக, ஊர்ப் பெயரை யார் எவ்வளவு தேடுகிறார்கள் என்று அளந்து, அதைச் சுற்றுலாவுக்கான ஆர்வம் என்று எழுதினால் கணக்கு முதல் வரியிலேயே தப்பு.

கூகுள் டிரெண்ட்ஸ் என்ற இலவசக் கருவியில் இதை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். அதில் வருவது தேடல்களின் எண்ணிக்கை கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் உச்சமாக இருந்த புள்ளியை 100 என்று வைத்து, மற்றதை அதற்கு ஒப்பாகக் காட்டும். குறைவாகத் தேடப்படும் சொல்லுக்கு வெறும் 0 என்றே காட்டும், அதைப் பார்த்து யாரும் தேடவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த வாரம் கோடு எகிறியிருந்தால் அது புயல். 2022 செப்டம்பர் கடைசியில் எகிறியிருந்தால் பொன்னியின் செல்வன் படம் வந்த வாரம். ஆடி மாதத்து மேடு அமாவாசை; அப்போது வலசைப் பறவையும் குறைவு, பறவை பார்க்கிறவர்களும் அதிகம் வர மாட்டார்கள். சிக்கல் தை மாதத்தில்தான். அது பறவைக் காலமும்கூட, அமாவாசைக் காலமும்கூட. நான் செய்வது என்னவென்றால், ஆடியில் வரும் மேட்டை நீராட வருகிறவர்களின் அளவு என்று உத்தேசமாக வைத்துக்கொண்டு, தையில் அதற்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பேன். துல்லியமான கணக்கு இல்லை, கண்ணால் மதிப்பிடுவதுதான், ஆனாலும் ஒன்றும் பிரிக்காமல் விடுவதைவிடத் தேவலாம்.

எழுத்துக்கூட்டலும் உங்களைப் படுத்தும். தமிழிலேயே கோடியக்கரை, கோடிக்கரை என்று இரண்டு, போதாததற்குப் பக்கத்து ஊரான கோடியக்காடு வேறு. ஆங்கிலத்தில் ஒரு 'கே' போட்டு ஒருவர், இரண்டு 'கே' போட்டு ஒருவர், நடுவில் 'ஒய்' சேர்த்து ஒருவர். அப்புறம் வெள்ளைக்காரன் வைத்த பாயிண்ட் காலிமர். வெளியூர்ப் பறவை ஆர்வலர்கள் அனேகமாக இந்தக் கடைசிப் பெயரில்தான் தேடுவார்கள், அமாவாசைக்கு வருகிறவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். இது ஒரு விதத்தில் உங்களுக்கு நல்லது. பெயரை வைத்தே ஆளைக் கொஞ்சம் பிரித்துவிடலாம். பாயிண்ட் காலிமர் ஒரு கோடு, தமிழ்ப் பெயர்கள் இன்னொரு கோடு என்று தனித்தனியாக ஓடவிட்டுப் பாருங்கள். டிரெண்ட்ஸில் 'தலைப்பு' என்று ஒரு தேர்வு உண்டு, எல்லா எழுத்துக்கூட்டலையும் மொழியையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். மற்ற ஊர்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன், உங்கள் ஊருக்கு வேண்டாம்.

ஆனால் பெயர் சொல்லித் தேடுகிறவர் ஏற்கெனவே உங்கள் ஊரை அறிந்தவர். நீங்கள் பிடிக்க வேண்டியது பெயர் தெரியாதவரை, அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பறவைகளில் ஆர்வமுள்ள, உங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் அவருடைய போனிலேயே, 'டிசம்பரில் இரண்டு நாள் லீவு, பறவை பார்க்கிற மாதிரி ஓர் இடம் தேடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். வாயைத் திறக்கக் கூடாது. நான் இப்படி முதன்முதலில் செய்தபோது நின்றது என் சகலையின் மகள் பின்னால். அவள் 'பறவைகள் சரணாலயம்' என்றெல்லாம் அடிக்கவே இல்லை. ஆங்கிலத்தில் 'சென்னைக்குப் பக்கத்தில் ஃபிளமிங்கோ' என்று அடித்தாள், படங்கள் பகுதிக்குப் போனாள், ஒரு படத்தைத் தொட்டாள், பழவேற்காடு என்று வந்தது, எத்தனை மணி நேரம் என்று மேப்பில் பார்த்தாள், முடிவு செய்துவிட்டாள். மொத்தமே ரெண்டு நிமிடம் இருக்கும். நான் அதற்கு முந்தைய வாரம் முழுக்க உட்கார்ந்து தயாரித்து வைத்திருந்த சொற்பட்டியலில் அவள் அடித்த சொல் ஒன்றுகூட இல்லை. ஐந்தாறு பேரிடம் இப்படிச் செய்தால் உங்களுக்குப் பதினைந்து இருபது உண்மையான தேடல் சொற்கள் கிடைக்கும். அவற்றைச் சென்னை, திருச்சி, பெங்களூரு என்று மூன்று ஊரில் இருக்கும் நண்பர்களைத் தேடச் சொல்லி, முதல் பத்து முடிவுகளில் கோடியக்கரை வருகிறதா, வந்தால் யாருடைய பக்கத்தில் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வேதாரண்யத்தில் உட்கார்ந்து நீங்களே தேடினால் கூகுள் உங்கள் ஊரையே காட்டிச் சந்தோஷப்படுத்தும். பழைய தேடல்களைக் கணக்கில் எடுக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தாலும் நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரியும். வேதாந்தாங்கல், பழவேற்காடு, பிச்சாவரம் மூன்றும் எத்தனை தடவை வருகின்றன என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போட்டி அவற்றோடுதான்.

வந்தால் மட்டும் போதாது, வருவது சரியாக இருக்கிறதா என்பது தனி வேலை. முதலில் வரும் பத்துப் பக்கங்களைத் திறந்து ஐந்து விஷயங்களைச் சோதியுங்கள். எந்த மாதம் வரச் சொல்கிறார்கள்? எப்படி வந்து சேர்வது என்று இருக்கிறது? திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது, அதற்கு முன் எழுதி அப்படியே விட்ட பக்கத்தில் ரயிலே இருக்காது. காட்டைப் பற்றி எழுதியிருப்பது கஜாவுக்கு முந்தையதா பிந்தையதா? அந்தப் புயலில் மரங்கள் சாய்ந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று போட்டிருந்தால், 2004 சுனாமியில் அது என்ன ஆனது என்று சொல்லியிருக்கிறார்களா? ஐந்தாவது படம். இதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ரத்தச் சிவப்பில், உடம்பு முழுக்க ஒரே நிறமாகப் பூநாரை நின்றால் அது அமெரிக்கக் கண்டத்துப் பூநாரை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. நம் கரைக்கு வரும் பெரும்பூநாரை தூரத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய வெள்ளைதான், இறக்கையை விரிக்கும்போதுதான் அந்த இளஞ்சிவப்பும் கறுப்பும் தெரியும். அந்தச் சிவப்புப் படத்தைப் பார்த்து வந்தவர் சேற்றின் அந்தப் பக்கம் புள்ளி புள்ளியாக வெள்ளையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, 'ஒன்றுமே இல்லை' என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். ஊர் நன்றாகத்தான் தெரிந்தது, தப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஒரு நட்சத்திரங்களைத்தான் நான் முதலில் படிப்பேன். மேப்பில் எத்தனை விமர்சனம் என்ற எண் எனக்கு முக்கியமில்லை, அமாவாசைக்கு வந்தவரும் அதே இடத்தில்தான் ஐந்து நட்சத்திரம் போடுவார். கடைசி நூறு விமர்சனங்களை, தமிழும் ஆங்கிலமும் சேர்த்து, உட்கார்ந்து கையால் படியுங்கள். எந்த மாதத்தில் வந்தார், எதற்கு வந்தார், எதை எதிர்பார்த்தார், எதில் ஏமாந்தார் என்று நாலு கட்டம் போட்டு நிரப்புங்கள். ஓர் ஞாயிற்றுக்கிழமை வேலை. வேறொரு கடலோர ஊருக்கு நான் இதைச் செய்தபோது, குறைகளில் பெரும்பாலானவை இரண்டே காரணத்தில் அடங்கின: கோடையில் வந்தவர்கள் பறவை இல்லை என்றார்கள், மேப் காட்டிய வழியில் போனவர்கள் பூட்டிய கேட்டில் போய் நின்றார்கள். மேப்பில் புள்ளியைச் சரியான நுழைவாயிலுக்கு நகர்த்தச் சொல்லி ஒரு திருத்தம் அனுப்பினோம். அதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் விளம்பரத்துக்கு நிறையச் செலவழித்திருந்தார்கள் பாவம்.

உண்மையிலேயே பறவைக்காக வருகிறவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் இ-பேர்ட் பாருங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பட்டியலாகப் பதிவு செய்யும் தளம், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கோடியக்கரை, முனியப்பன் ஏரி, வேதாரண்யம் உப்பளம் பக்கம் எல்லாம் தேடிப் பாருங்கள். மாதவாரியாக எத்தனை பட்டியல், எத்தனை வெவ்வேறு ஆட்கள் என்பதை எண்ணுங்கள். பட்டியலைவிட ஆள்தான் முக்கியம், ஏனென்றால் உள்ளூரில் இருக்கும் ஓர் ஆர்வலரோ ஆய்வாளரோ தினம் ஒரு பட்டியல் போட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடுவார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைக்கு வளையம் போடும் இடம் உங்களுடையது என்பதை மறக்க வேண்டாம். பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு வாரத்தையும் தள்ளிவிட்டுப் பாருங்கள், அந்த வாரம் எல்லா ஊரிலுமே ஏறும். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை மாதம் எத்தனை பேர் திறந்தார்கள் என்பது 2015 ஜூலையிலிருந்து பொதுவில் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ஊருக்கு ஒன்று, சரணாலயத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டுரைகள் உண்டு, நீங்கள் சரணாலயக் கட்டுரையின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரையைத் திறந்து பார்க்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள்: 2002 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் பிச்சாவரம், பள்ளிக்கரணை எல்லாம் சேரும் வரை தமிழ்நாட்டில் அந்தத் தகுதி இருந்த ஒரே இடம் உங்களுடையதுதான். இதை உங்கள் ஊர்ப் பக்கங்களில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி எனக்கு உறுதியில்லாத பகுதி. நெட்டில் தெரிவது ஏறினால் ஆள் வருவது ஏறுமா? 2013-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகம் முழுக்க 836 இடங்களில், படம் பகிரும் தளமான ஃபிளிக்கரில் மக்கள் ஏற்றிய படங்களையும் உண்மையான வருகைக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, படத்தை வைத்து வருகையை ஓரளவு ஊகிக்கலாம் என்று காட்டினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அது அங்கே போய் வந்தவர்கள் போட்ட படம், போகும் முன் தேடியவர்களின் தேடல் அல்ல. அதோடு, ஃபிளிக்கரை இன்று நம்மூரில் யார் தொடுகிறார்கள்? இன்ஸ்டாகிராம் ஹேஷ்டேக் எண்ணை அந்த இடத்தில் வைத்துச் சிலர் அறிக்கை எழுதுகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோடியக்கரை என்ற ஹேஷ்டேகில் பூங்குழலி வேஷம் கட்டிய போட்டோஷூட் எத்தனை என்று யாராவது பிரித்தார்களா? ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு இடம் தேர்வு செய்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அதை அளக்க இன்னும் ஒழுங்கான வழி என் கைக்கு வரவில்லை. ஒரே கேள்விக்கே இரண்டு தடவை இரண்டு பதில் வருகிறது. நீங்கள் கேட்டுப் பார்த்து, பதிலில் பிழை இருந்தால் அந்தப் பிழை எந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கும் என்று தேடுங்கள், அது உபயோகம். மதிப்பெண் போட வேண்டாம்.

இன்னொன்று, என் எல்லைக்கு வெளியே இருப்பது. எவ்வளவு கூட்டத்தை அந்தக் காடும் சேறும் தாங்கும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அது வனத்துறையும் பறவை ஆய்வாளர்களும் சொல்ல வேண்டியது. சரணாலயத்துக்குள் வழிகாட்டியாகத் தொழில் செய்ய முடியுமா, எந்தப் பகுதிக்கு அனுமதி என்பதை ரேஞ்சர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். ஆமை முட்டையிடும் இடம், பறவை கூட்டமாக அடையும் இடம் இவற்றின் சரியான புள்ளியை மேப்பில் போடாதீர்கள். தெரியவைப்பது என் தொழில்தான், ஆனால் இந்த இரண்டும் தெரியாமல் இருந்தால்தான் உங்கள் தொழில் பத்து வருடம் ஓடும்.

கம்பெனிக்குப் பணம் கொடுக்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அவர்கள் மோசம் என்று சொல்லவில்லை. 23-லிருந்து 70 ஆவதில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று அவர்களாலும் சொல்ல முடியாது, உங்களிடமும் இன்னும் ஓர் இணையதளம் இல்லை. முதலில் ஒரு சின்னத் தளம், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதவாரியாக என்ன பார்க்கலாம் என்று ஒரே ஒரு நல்ல பக்கம், நீங்கள் எடுத்த படங்கள், பாலைப்பழம் விற்கிற ஆத்தாவின் கூடை உட்பட. அதைத் தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இணைத்துவிட்டால், எந்தச் சொல்லுக்கு எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்பது 16 மாதம் வரை இலவசமாகத் தெரியும். அதில் வருவது உங்கள் தளத்தின் நிஜ எண், ஊகம் இல்லை. அரிதான சொற்களை மட்டும் அது மறைத்துவிடும். இந்த டிசம்பரை அடுத்த டிசம்பரோடு ஒப்பிடுங்கள், ஜூனோடு ஒப்பிடாதீர்கள்.

அப்புறம் வருகிற ஒவ்வொருவரிடமும் டீ கொடுக்கும்போது, 'எங்கே பார்த்து வந்தீங்க?' என்று கேட்டு அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். முப்பது நாற்பது பதில் சேர்ந்ததும், நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அமாவாசைக்கு வந்தவர்களை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.